ஜீப்பை மாற்றியமைக்கும் முன்: இரும்பும் ஆவணமும் ஒத்திருக்க வேண்டும்

இயந்திரத்தின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் வண்டிகள் ஒரு காலத்தில் இராணுவம், வனத்துறை, மலைத்தோட்டங்கள் ஆகியவற்றோடு மட்டுமே தொடர்புடையவையாக இருந்தன. இன்று தார், கூர்க்கா, ஜிம்னி போன்ற வண்டிகளை நகர வீதிகளிலும் காண்கிறோம். வாங்கிய சில மாதங்களிலேயே அவற்றைப் பட்டறைக்குக் கொண்டு சென்று, உயரம் கூட்டி, பெரிய டயர் பூட்டி, முன்புறம் கனத்த இரும்புப் பம்பர் பொருத்திக்கொள்ளும் வழக்கம் பெருகி வருகிறது. பழைய ஜீப்பை வாங்கி, அடிச்சட்டகம் தொடங்கி முழுவதும் புதிதாகக் கட்டிக்கொள்வோரும் உண்டு.

இது வெறும் பொழுதுபோக்குச் செலவு அன்று. மாற்றப்படும் வண்டிகளுள் பல வங்கிக் கடனில் வாங்கியவை. எல்லாமே காப்பீடு பெற்றிருக்க வேண்டியவை. பட்டறையில் ஓர் இரும்புத் துண்டு வெட்டப்படும்போது பதிவுச் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம், கடன் ஒப்பந்தம் ஆகிய மூன்று ஆவணங்களையும் அது தொடுகிறது. இத்தொடர்பை வாடிக்கையாளரும் பட்டறை உரிமையாளரும் அறிந்துகொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டப்வாலியில் வளர்ந்த தொழில்

நம் நாட்டில் ஜீப்பின் வரலாறு 1947-இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியதிலிருந்து விரிகிறது. 1985-இல் மாருதி ஜிப்சி வந்தது. எளிய அமைப்பும் ஏணி வடிவ அடிச்சட்டகமும் உடைய இவ்வண்டிகளைச் சிறிய பட்டறையிலும் பிரித்துப் பூட்டலாம். அதனால் இவற்றைச் சுற்றி ஒரு கைத்தொழிலே வளர்ந்தது.

அதற்குப் பெயர்பெற்ற ஊர், அரியானாவின் சிர்சா மாவட்டத்தில் பஞ்சாப் எல்லையை ஒட்டி அமைந்த மண்டி டப்வாலி. இராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து, துருப்பிடித்த தகட்டை நீக்கி, புதிய தகட்டில் உடலைக் கட்டி, இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் சீர்செய்து, வாடிக்கையாளர் விரும்பும் வடிவில் தருவதில் அவ்வூர்ப் பட்டறைகள் தேர்ந்தவை. வெளிமாநிலங்களிலிருந்தும் வாங்குவோர் அங்கே செல்கிறார்கள்.

தகடு வெட்டுதல், குழாய் வளைத்தல், பற்றவைத்தல், கடைசல் ஆகிய நான்கு திறன்களும் ஒரே கூரையின்கீழ் அமைந்த இத்தகைய பட்டறைகள் இன்று பல ஊர்களில் உள்ளன. அவர்களுடைய கைத்திறனில் ஐயமில்லை. ஆயினும், திறமையாகச் செய்யப்பட்ட வேலை என்பதனாலேயே ஒரு மாற்றம் சட்டப்படி செல்லத்தக்கதாகிவிடாது.

மாற்றம் வண்டியை என்ன செய்கிறது?

உயரம் கூட்டுதல். லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றியோ இடைக்கட்டைகள் வைத்தோ வண்டியைச் சில அங்குலம் உயர்த்துவார்கள். பாறையும் மேடும் நிறைந்த வழியில் அடிப்பாகம் தட்டாது என்பது இதன் பயன். ஆனால் உயரம் கூடும்போது வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே செல்கிறது. திருப்பங்களில் கவிழும் வாய்ப்பு மிகுகிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வுக் கோணம் மாறுவதால் அதன் மூட்டுகள் விரைவில் தேய்கின்றன. பிரேக் எண்ணெய்க் குழாய்கள் போதிய நீளமின்றி இழுபடலாம். ஸ்டியரிங் கம்பிகளின் கோணமும் மாறுகிறது. எனவே உயரம் கூட்டுவது என்பது ஒரே ஒரு பாகத்தை மாற்றுவதோடு முடிவதில்லை.

பெரிய டயர். 255/65 ஆர்18 என்னும் டயர் அளவை எடுத்துக்கொள்வோம். அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு. நடுவே 18 அங்குல வட்டு. கூட்டினால் டயரின் முழு விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 33 அங்குல டயர் பூட்டினால் விட்டம் சுமார் 838 மில்லிமீட்டர். அதாவது 6 விழுக்காடு கூடுதல். வேகமானி பழைய கணக்கிலேயே காட்டுவதால், அது 80 என்று காட்டும்போது வண்டி கணக்குப்படி 85 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். கனத்த சக்கரத்தை நிறுத்தப் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இரும்புப் பம்பர். ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உடைய எஃகுத் தகட்டின் எடை 7.85 கிலோ. 1.6 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தகட்டில் செய்த பம்பர் 31 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன்மேல் விஞ்ச் பொருத்தினால் முன் அச்சு தாங்கவேண்டிய சுமை இன்னும் கூடும்.

எடையைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மோதலின்போது வண்டியின் முன்பகுதி மடங்கி நசுங்குமாறு உற்பத்தியாளர் திட்டமிட்டே அமைக்கிறார். மோதலின் வேகத்தை அந்த மடிப்பு உள்வாங்கிக்கொள்கிறது. எந்தக் கணத்தில் காற்றுப்பை விரிய வேண்டும் என்று உணரிகள் முடிவு செய்வதும் அந்த மடிப்பின் போக்கைக் கொண்டுதான். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அடிச்சட்டகத்தோடு நேரே பூட்டிய கனத்த இரும்பு, மோதலின் அதிர்ச்சியை மடிப்பின் வழியாக அன்றி நேராக உள்ளே கடத்துகிறது. காற்றுப்பை தாமதமாகவோ காலம் தவறியோ விரியும் நிலை இதனால் ஏற்படலாம். சாலையில் நடந்து செல்வோருக்கும் அந்த இரும்பு பேராபத்து. இக்காரணங்களை ஒட்டியே கிராஷ் கார்டு, புல் பார் எனப்படும் முன்கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

பற்றவைப்பில் கவனிக்க வேண்டியவை

பழுது பார்ப்பதற்காகவோ மீட்டுருவாக்கத்திற்காகவோ வண்டியைப் பட்டறையில் விடும் வாடிக்கையாளர் சில கேள்விகளைக் கேட்பது நல்லது.

பற்றவைப்பின் சூடு, இணைப்பை ஒட்டிய இரும்பின் இயல்பையும் மாற்றுகிறது. சட்டகத்தில் விரிசல் ஏற்பட்டால் பற்றவைத்த கோட்டிற்குள் அன்றி, அதன் விளிம்பை ஒட்டியே பெரும்பாலும் தொடங்கும். புதிய வண்டிகளின் சட்டகம் உயர்வலிமை எஃகால் ஆனது. உற்பத்தியாளரின் பழுதுபார்ப்புக் கையேடு அனுமதிக்காத இடத்தில் அதனைச் சூடாக்கக் கூடாது. பழைய ஜீப்பின் சட்டகத்தில் துருப்பிடித்த பகுதியை மாற்றும்போது, இரு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து ஒட்டிவிட்டு நிறுத்தாமல், இணைப்பின்மேல் இரு முனையும் கூம்பிய பட்டைத் தகடு வைத்து வலுவூட்டுவதே முறை.

மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள வண்டியில் பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்திற்கு மிக அருகில் பூட்ட வேண்டும். இல்லையேல் மின்னோட்டம் தாங்குருளைகள் வழியாகவும் கம்பிகள் வழியாகவும் பாய்ந்து சேதம் விளைவிக்கும். எரிபொருள் தொட்டியையும் குழாய்களையும் அகற்றாமல் அருகில் தீப்பொறி எழக்கூடாது. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும்போது எழும் புகை தொழிலாளருக்குக் காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைச் சுரண்டி நீக்கியபின், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு இதில் அடிப்படையானது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றலாகாது என்பது அதன் சாரம். வண்டியின் அடிப்படை இயல்பை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே "மாற்றம்" என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு ஆற்றலில் ஓட்டுவதற்காக, விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி மாற்றுக்கருவி பொருத்துவதற்கு அதில் இடம் உண்டு.

கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவுக்குத் தெளிவான பொருள் கூறியது. உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியின் கட்டமைப்பை மாற்ற முடியாது என்பதே அத்தீர்ப்பு.

அதே ஆண்டின் சட்டத் திருத்தம் தண்டனையையும் வரையறுத்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இங்கே பட்டறை உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அச்சட்டம் "டீலர்" என்னும் சொல்லின் வரையறையில், வண்டிகளுக்கு உடல் கட்டுவோரையும் பழுது பார்ப்போரையும் சேர்த்திருக்கிறது. சட்ட விதிகளுக்கு முரணாக வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு ஓராண்டு வரை சிறையோ, வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதே பிரிவு வழி செய்கிறது. "வாடிக்கையாளர் கேட்டார், செய்தேன்" என்பது விடையாகாது.

பழைய இராணுவ ஜீப்பை மீட்டுருவாக்குவோர் நினைவில் கொள்ளத்தக்க இன்னொரு விதியும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 121-ஆவது விதியின்படி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை நிறம் பூசக்கூடாது. இராணுவத் தோற்றம் வேண்டும் என்ற ஆசையில் பலர் முதலில் தேர்ந்தெடுப்பது அந்நிறத்தைத்தான்.

போட்டிக்கென்று மட்டும் வண்டி அமைப்போரின் நிலை வேறு. தனியார் நிலத்தில், உரிய ஏற்பாட்டுடன் நடைபெறும் போட்டியில் மட்டும் அவ்வண்டி ஓடலாம். அங்கு அதனைச் சுமையுந்தில் ஏற்றிச் செல்ல வேண்டும். பொதுச் சாலையில் இறங்கிய கணமே மேற்கூறிய சட்டம் அதனைப் பற்றிக்கொள்ளும்.

காப்பீடு எதன்மேல் நிற்கிறது?

காப்பீட்டில் வண்டிக்குக் குறிக்கப்படும் மதிப்பு, உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படுகிறது. மூன்றாம் ஆண்டில் செல்லும் வண்டிக்கு இத்தேய்மானம் 30 விழுக்காடு. பட்டறையில் நீங்கள் பொருத்திய எதுவும் இக்கணக்கில் தானாகச் சேராது. சட்டம் அனுமதிக்கும் துணைப்பொருள்களை அறிவித்து, அவற்றின் மதிப்பைப் பத்திரத்தில் சேர்த்து, அதற்குரிய பிரீமியம் செலுத்தினால் மட்டுமே அவற்றுக்கு இழப்பீடு உண்டு.

அதைவிடப் பெரிய இழப்பும் நேரலாம். காப்பீடு என்பது உள்ளதை உள்ளபடி சொல்லும் கடமையின்மேல் அமைந்த ஒப்பந்தம். சொல்லாமல் செய்த கட்டமைப்பு மாற்றம் விபத்துக்குக் காரணமாகியிருப்பதாக மதிப்பீட்டாளர் அறிக்கை தந்தால், நிறுவனம் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ முற்படலாம்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காண்போம். ஒருவர் 15 லட்சம் ரூபாய் வண்டியை, 12 லட்சம் ரூபாய் கடனுடன், ஏழாண்டுத் தவணையில், 9.5 விழுக்காடு வட்டியில் வாங்குகிறார் எனக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 19,600 ரூபாய். இரண்டாண்டுகளுக்குப்பின் அசலில் சுமார் 9.34 லட்சம் ரூபாய் பாக்கி. இதற்கிடையே 3 லட்சம் ரூபாய் செலவில் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் பூட்டியிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் மலைச்சாலைத் திருப்பம் ஒன்றில் வண்டி கவிழ்ந்து முழுச் சேதமாகிறது.

வண்டி மாற்றப்படாமல் இருந்திருந்தால், காப்பீட்டு மதிப்பான 10.5 லட்சம் ரூபாய், பத்திரத்தின் நிபந்தனைகளுக்கும் கழிவுகளுக்கும் உட்பட்டு, கடனை அடைக்கப் போதுமானது. இழப்பீடு மறுக்கப்பட்டாலோ, பட்டறையில் செலவிட்ட 3 லட்சமும் போயிற்று; வண்டியும் போயிற்று. இல்லாத வண்டிக்கு இன்னும் 60 மாதங்கள், மாதம் 19,600 ரூபாய் செலுத்தியாக வேண்டும். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஐந்தாண்டுச் சேமிப்பு அதில் கரைந்துவிடும்.

வங்கியின் எழுத்துமூல இசைவு

கடனில் வாங்கிய வண்டி ஹைப்போதிகேஷன் முறையில் வங்கிக்கு ஈடாக இருக்கிறது. வண்டி உங்கள் கையில் இருக்கும்; கடன் தீரும்வரை அதன்மேல் வங்கிக்கு உரிமை உண்டு; அவ்வுரிமை பதிவுச் சான்றிதழிலும் குறிக்கப்பட்டிருக்கும். கடன் முடிந்தபின் படிவம் 35 மூலம் அக்குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை, ஈட்டுப்பொருளின் மதிப்பையோ தன்மையையோ பாதிக்கும் மாற்றத்திற்கு வங்கியின் எழுத்துமூல இசைவு பெறவேண்டும் என்பது வாகனக் கடன் ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. கையொப்பமிட்ட அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். சட்டம் தடுக்கும் மாற்றத்திற்கு வங்கியின் இசைவு துணை நிற்காது. சட்டம் அனுமதிக்கும் மாற்றத்திற்கும் அந்த இசைவு தேவைப்படலாம்.

மாற்றிய ஜீப்பை விலைக்கு வாங்குவோர் பார்க்க வேண்டியவை

1. சேசிஸ் எண்ணைச் சட்டகத்திலேயே நேரில் பார்த்து, பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த தடமோ அரைத்த தடமோ இருந்தால் வாங்க வேண்டாம்.

2. இயந்திரத்தின் எண்ணையும் எரிபொருள் வகையையும் ஒப்பிடுங்கள். பெட்ரோல் என்று பதிவான பழைய ஜீப்பில் வேறொரு வண்டியின் டீசல் இயந்திரம் உட்கார்ந்திருக்கக்கூடும்.

3. இராணுவ ஏலத்தில் வந்தது என்று சொன்னால், ஏல ஆவணங்களையும் அதன்பின் செய்த பதிவையும் கேளுங்கள்.

4. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு ஆய்வுக்குப்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு ஆய்வில் மாற்றங்கள் வெளிப்பட்டால் வண்டி கொட்டகையில் நிற்க நேரிடும்.

5. ஹைப்போதிகேஷன் குறிப்பு இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆவணமும் வண்டியும் ஒத்துப்போகாத ஜீப்புக்கு எவ்வளவு அழகாக வண்ணம் பூசியிருந்தாலும், எந்த வங்கியும் கடன் வழங்காது. எனவே அதனைப் பின்னர் விற்க முயலும்போது வாங்குவோர் வட்டமும் சுருங்கிவிடும்.

பட்டறை உரிமையாளர்களுக்கு

இவற்றையெல்லாம் படிக்கும் பட்டறை உரிமையாளர், தம் பிழைப்புக்கே தடை வந்ததாக எண்ண வேண்டியதில்லை. பழைய ஜீப்பை அதன் மூல வடிவிலேயே மீட்டெடுத்தல், துருப்பிடித்த தரைத்தகட்டை மாற்றுதல், விபத்தில் சேதமான வண்டியை உற்பத்தியாளரின் அளவுப்படி சீராக்குதல் ஆகியவை சட்டத்திற்குள் அடங்கிய, தேர்ந்த கைகளை வேண்டும் வேலைகள். அதே பற்றவைப்பு இயந்திரமும் குழாய் வளைக்கும் இயந்திரமும் வேளாண் கருவிகள், கூரைச் சட்டங்கள், வாயிற்கதவுகள், தொழிற்சாலைத் தாங்கிகள் ஆகியவற்றையும் செய்யும். கடன் விண்ணப்பத்தை ஆராயும்போது இத்தகைய நிலையான வருவாயே கிளை அலுவலரின் கணக்கில் எடை பெறுகிறது. தண்டனைக்குரிய வேலையிலிருந்து வரும் வருவாயை நம்பித் தவணைகளை வகுக்க இயலாது.

பிரதமரின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரிவுகள் உள்ளன. தருண் பிரிவில் கடன் பெற்று ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியோர்க்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கும் தருண் பிளஸ் பிரிவு 2024-இல் சேர்க்கப்பட்டது. இவற்றுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை. இயந்திரம் வாங்குவதற்கான தவணைக்கடனையும், தகடு, குழாய், வாயு வாங்குவதற்கான நடைமுறை மூலதனக் கடனையும் தனித்தனியே கணக்கிட்டுக் கேளுங்கள். இயந்திரக் கடனைத் தகடு வாங்கச் செலவிட்டால் தவணை நாளில் கை வறளும். உதயம் பதிவு, இயந்திரத்தின் விலைப்புள்ளி, வங்கிக் கணக்கு வழியாக நடந்த வரவு செலவு ஆகியவை விண்ணப்பத்திற்கு வலுச் சேர்க்கும்.

பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைச் சீட்டு எழுதுங்கள். சேசிஸ் எண், வாடிக்கையாளர் கேட்ட வேலை, செய்த வேலை, பயன்படுத்திய பொருள், முன்னும் பின்னும் எடுத்த படம் ஆகியன அதில் இருக்கட்டும். பின்னாளில் வாடிக்கையாளரின் காப்பீட்டுக் கோரிக்கைக்கும் உங்கள் நற்பெயருக்கும் அதுவே சான்று.

வேலை தொடங்கும் முன்

திட்டமிட்ட மாற்றத்தை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அத்தாளுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி உண்டென்றால், கடன் உள்ள வண்டிக்கு வங்கிக் கிளையின் எழுத்துமூல இசைவைப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். அதன்பிறகு பட்டறைக்கு முன்பணம் கொடுங்கள். வேலை முடிந்ததும் பதிவுச் சான்றிதழில் உரிய மாற்றம் பதியப்பட்டதா என்று சரிபாருங்கள். வரிசை மாறி, முன்பணமே முதலில் போய்விட்டால், அதனைத் திரும்பப் பெறுவது கடினம். வெட்டிய இரும்பை மீண்டும் பழையபடி ஆக்குவது அதனினும் கடினம்.

வாகனக் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் குறித்தோ பட்டறைக்கான தொழிற்கடன் குறித்தோ ஐயம் எழுந்தால், பதிவுச் சான்றிதழையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வாருங்கள். பற்றவைப்பின் முதல் பொறி எழுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விக்கு எங்களால் எளிதில் விடையளிக்க முடியும்.